கல்லும் மணலும் கொஞ்சம் புல்லும்: கிளிநொச்சிக் கடையொன்று அமைத்துத் தந்த மீன்தொட்டி

மீன்தொட்டிக் கடை என்றதும் நம் பக்கத்தில் கண்ணுக்கு வருவன நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசிய கற்கள், வாயைத் திறந்து மூடும் பிளாஸ்ரிக் முதலை, குமிழி விடும் புதையல் பெட்டி, இவற்றுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நீந்தும் தங்கமீன்கள் ஆகியனவே. கிளிநொச்சியில் ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே, ஓர் ஒழுங்கையில் இருக்கும் சிறிய கடையின் வாசலில் 2023 ஆம் ஆண்டின் கடைசியில் நான் கண்ட தொட்டியில் இவற்றுள் ஒன்றுகூட இருக்கவில்லை. ஐந்து கருங்கற்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. அவற்றின் அடியில் ஆற்று மணல் பின்னுக்கு உயர்ந்தும் முன்னுக்குத் தாழ்ந்தும் கிடந்தது. கற்களின் இடுக்கிலிருந்து விரல் நீளப் புல் எழுந்து நீரோட்டத்தில் மெல்ல அசைந்தது. மீனும் இல்லை. முத்தையன்கட்டுக் குளத்தின் துருசடியில் நீர் தெளிந்து கிடக்கும் நாட்களில் குனிந்து பார்த்தால் தெரியும் அடித்தரையை யாரோ அப்படியே வெட்டியெடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. ஒட்டுசுட்டானில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. அதை ஒருவர் தொழிலாகச் செய்து தருகிறார் என்பதுதான் புதிது.

அவரைக்கொண்டு 2024 தைப்பொங்கல் முடிந்த கிழமையில் என் வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்றை அமைப்பித்தேன். இரண்டு கோடையையும் ஒரு முழு மாரியையும் அது கண்ட பிறகே இதை எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். இப்போது இருபது மாதங்கள் கடந்துவிட்டன. நல்லதும் குறையும் இரண்டையும் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரிந்திருக்கிறது என்று நம்புகிறேன்.

இந்த அமைப்பு முறைக்கு ஜப்பானியர் இவாகுமி என்று பெயரிட்டிருக்கிறார்கள்; கற்களை அடுக்கி அமைத்தல் என்று பொருள் கொள்ளலாம். ஜப்பானியத் தோட்டங்களில் கல் நாட்டும் மரபை நீருக்குள் கொண்டுவந்து உலகறியச் செய்தவர் தகாஷி அமானோ. நீகாத்தா மாகாணத்தில் 1954 இல் பிறந்து, துவிச்சக்கரவண்டிப் பந்தய வீரராகவும் பிறகு புகைப்படக் கலைஞராகவும் விளங்கிய அவர், 1982 இல் நீர்த்தாவரத் தொட்டிகளுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, 2015 இல் மறையும் வரை அதே வேலையாக இருந்தார். கற்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்க வேண்டும், தலைக்கல் நட்டநடுவில் நிற்காமல் நீளத்தின் மூன்றில் ஒரு பங்கில் நிற்க வேண்டும், மற்றக் கற்கள் அதற்குத் துணையாகவும் பணிவாகவும் நிற்க வேண்டும் என்பன இம்முறையின் அடிப்படைகள். தலைக்கல்லுக்கு ஓயாஇஷி என்று ஜப்பானியப் பெயர் உண்டு. எங்கள் கடைக்காரர் அதை ‘மூத்தவர்’ என்கிறார். “மூத்தவர் முதல்ல இருக்கட்டும் ரீச்சர், மற்ற ஆக்கள் பிறகு வருவினம்” என்று அவர் சொன்னதிலேயே அந்த மரபின் சாரம் முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது.

கல் தெரிவில்தான் இந்தக் கடையின் அருமை இருக்கிறது. நான் முதல் நாள் போகும்போது, பல ஆண்டுகளுக்கு முன் கீரிமலைப் பக்கமிருந்து கொண்டுவந்து வீட்டில் வைத்திருந்த, துளைகள் நிறைந்த வெண்ணிறக் கல் ஒன்றையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். அதுவே தலைக்கல்லாக வேண்டும் என்பது என் ஆசை. அவர் அதை வாங்கிக் கழுவித் துடைத்து, ஊசி கழற்றிய ஏற்றிக்குழலில் வினாகிரியை எடுத்து நான்கைந்து துளிகளைக் கல்லின் மேல் விட்டார். பிறகு கல்லைத் தன் காதருகே பிடித்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். நானும் காதருகே பிடித்தேன். சூடான தாச்சியில் ஈரம் பட்டதுபோல மிக மெல்லிய ஓர் இரைச்சல் கேட்டது. கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தபோது துளை விளிம்புகளில் ஊசிமுனையளவு குமிழிகள் வரிசையாக எழுந்து உடைவது தெரிந்தது. கல்சியம் காபனேற்று அமிலத்தோடு தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டை வெளிவிடுவதை எத்தனையோ ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வருகிறேன். என் ஆசைக் கல்லில் அதை நான் ஒருமுறையும் செய்து பார்த்ததில்லை. “உந்தக் கல்லு வடிவுதான் ரீச்சர், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா தொட்டிக்குள்ள வைக்க நான் விடமாட்டன்” என்றார்.

காரணம் எளிது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். அந்தப் பட்டை பூநகரி, மன்னார் வழியாக வடமேற்குக் கரையோரம் புத்தளம் வரை நீள்கிறது. சுண்ணக்கல் நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து நீரின் வன்மையையும் காரத்தன்மையையும் ஏற்றும்; நீரில் காபனீரொட்சைட்டு மிகும்போது அந்தக் கரைவு இன்னும் கூடும். வன்னியின் உட்பகுதிப் பாறைகளோ மிகப் பழைய பளிங்குருப் பாறைகள். புவிச்சரிதவியலாளர் இலங்கையின் அடிப்பாறைத் தொகுதிகளில் ஒன்றுக்கு வன்னியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கருங்கல்லும், கறுப்பு வெள்ளைப் பட்டைகள் ஓடும் நைஸ் பாறையும் வினாகிரிக்கு அசைவதில்லை, நீருக்குள் எதையும் விடுவதுமில்லை. தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான கல் வேறில்லை. அது நம் காலடியிலேயே கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் சாம்பல் நிற அலங்காரக் கற்களைக் கொழும்புக் கடைகளில் கிலோக் கணக்கில் வாங்கி, அவற்றில் பல சுண்ணம் கலந்தவை என்பது தெரியாமல் அவதிப்படுவோருக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அவருடைய கற்கள் வவுனியாப் பக்கத்துக் கல்லுடைக்கும் இடங்களில் கழித்துவிடப்பட்டவை. புதிதாக உடைந்த பக்கம் பளபளவென்று கூர்மையாக இருப்பதால் அதை எப்போதும் மணலுக்குள்ளோ பின்பக்கமாகவோ மறைத்துவிடுகிறார். வெயிலும் மழையும் பட்டு மங்கிய பழைய முகமே முன்னுக்கு வருகிறது. ஐந்து கற்களையும் மணல் நிரப்பிய ஒரு மரத்தட்டில் முதலில் அடுக்கிக் காட்டினார். கற்களில் ஓடும் பட்டைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும் என்பதற்காக ஒரு சிறு கல்லை மட்டும் பதினைந்து முறையாவது எடுத்து வைத்திருப்பார். அந்தக் கல்லின் பட்டை மற்றவற்றுக்குக் குறுக்கே போனபோது அடுக்கு முழுவதும் கொட்டிய கற்குவியலாகத் தெரிந்தது. அதைக் கால்வாசி திருப்பியதும் ஐந்தும் ஒரே பாறையின் வெளித்தெரியும் முகடுகளாக மாறின. அந்த ஒரு மணி நேரத்தில் கடைக்கு வந்த இரண்டு பேரைக் காத்திருக்கச் சொன்னார். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

மணல் பற்றி நானே ஒரு கேள்வியோடு போயிருந்தேன். கனகராயன் ஆறு உட்பட எங்கள் பகுதி ஆறுகளில் களவாக மணல் அகழ்ந்து கரைகள் இடிந்து கிடப்பதைப் பார்த்து வருந்தும் ஒருத்தி, வீட்டு அழகுக்காக அதே மணலை வாங்கினால் மனம் ஒப்பாது. எனக்குத் தேவைப்பட்டது 15 கிலோதான் என்றாலும் கேட்டேன். அனுமதிப்பத்திரம் உள்ள விற்பனையாளரிடம் வாங்கிய பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினார். கடல் மணல் ஏன் ஆகாது என்று கேட்பவர்களும் இருக்கக்கூடும். முல்லைத்தீவுக் கரையில் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் அதில் சிப்பித் துண்டுகள் மின்னும்; அவையும் கல்சியம் காபனேற்றே. உப்பைக் கழுவிவிடலாம், சிப்பியைக் கழுவ முடியாது.

அவர் மணலை இரண்டு சல்லடைகளில் அரிக்கிறார். ஒன்று பெரும் பரலை நிறுத்துகிறது, மற்றது மாப்போன்ற பொடியைக் கழிக்கிறது. இடையில் எஞ்சும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் வரையான மணியே தொட்டிக்கு வருகிறது. பொடி மணல் இறுகிப்போய் உள்ளே ஒட்சிசன் இல்லாத படை உருவானால் அங்கே ஐதரசன் சல்பைட்டு உண்டாகி மணல் கறுத்து நாறும் என்பதால் இந்த அரிப்பு வீண் வேலையல்ல. வீட்டில் என் கிணற்றடியில் வைத்து வாளி வாளியாகக் கழுவினோம். பதினோராவது வாளியில்தான் நீர் தெளிந்தது. அதன் பிறகும் அவர் கையை உள்ளே விட்டுக் கலக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை ஊற்றச் சொன்னார்.

தொட்டியின் அளவு 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 14 அங்குல உயரம். கொள்ளளவு ஏறத்தாழ 66 லீற்றர். ஆனால் கல்லும் மணலும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, விளிம்பிலிருந்து சற்றுக் கீழே நிறுத்தும்போது உண்மையில் 46 லீற்றர் நீரே பிடிக்கிறது. நீர், மணல், 12 கிலோ கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து எண்பது கிலோவைத் தாண்டும். அதனால் முதிரைப் பலகையில் மேசை ஒன்றை ஊர்த் தச்சரிடம் செய்வித்து, அதன் மேல் ரெஜிபோம் தட்டு விரித்து, நீர்மட்டம் வைத்துப் பார்த்த பிறகே தொட்டியை வைத்தார். நான் முன்னறையின் மேற்கு யன்னலருகே வைக்க விரும்பினேன். பின்னேர வெயில் நேரே விழுந்தால் அல்கா எனப்படும் பாசிக்கு விருந்து வைத்ததாகும் என்று மறுத்து, உள்சுவரைக் காட்டினார்.

மணலைப் பின்பக்கம் 8 சென்ரிமீற்றராகவும் முன்பக்கம் 2 சென்ரிமீற்றராகவும் சரித்தார். இந்தச் சரிவே சிறிய தொட்டிக்குள் பெருந்தொலைவைக் காட்டுகிறது. அது நாளடைவில் இறங்காமல் இருக்க அடியில் சிறு கற்களை அணைபோலப் போட்டார். இடப்பக்கத்தில் அந்த அணை இன்றுவரை நிற்கிறது. வலப்பக்கத்தில் போட்டது போதவில்லை; ஐந்தாறு மாதத்தில் மணல் இறங்கி, அங்கே நின்ற சிறுகல்லின் உடைந்த முகம் வெளியே தெரியத் தொடங்கியது. நான் சொன்ன பிறகும் அதைச் சரிசெய்ய அவர் வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டியால் நானே மணலைத் தள்ளி வருகிறேன்.

இனி நீர். வன்னியில் செடித்தொட்டி வைக்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான், ஆனால் பெரும்பாலான கடைகள் கடைசியில்கூட இதைக் கேட்பதில்லை. எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பார்க்கும் எவருக்கும் அது வன்னீர் என்பது தெரியும். என் கிணற்று நீரைச் சோதித்தபோது பொது வன்மை 14 பாகை என்று காட்டியது. லீற்றருக்கு 250 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான அளவு. விலைகூடிய வடிகட்டி இயந்திரம் ஒன்றை விற்றிருக்க அவருக்கு அது நல்ல தருணம். அவரோ மழைநீரைப் பாதிக்குப் பாதி கலக்கச் சொன்னார். நல்ல வேளையாக நாங்கள் தொடங்கியது தை மாதத்தில். கூரையிலிருந்து பீலி வழியே வந்த மாரிமழை 1000 லீற்றர் தாங்கியில் நிறைந்து இருந்தது. கிழமைக்கு 15 லீற்றர் நீர் மாற்றுவதில் பாதி மழைநீர் என்றால் ஆண்டுக்கு 390 லீற்றர்தான் வேண்டும். கோடையில் ஆவியாகிக் குறையும் நீருக்கு மழைநீரை மட்டும் ஊற்ற வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். நீர் ஆவியாகும்போது உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுவதால், கிணற்று நீரை ஊற்றி ஊற்றி நிரப்பினால் வன்மை மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும். சோளகம் வீசும் மாதங்களில் நாளொன்றுக்கு ஒரு லீற்றர் வரை குறைகிறது. அதையும் கூட்டிப் பார்த்தாலும் அந்தத் தாங்கி அடுத்த மாரி வரை எனக்குப் போதுமானதாகவே இருக்கிறது. பருவத்தின் முதல் மழையைச் சேர்க்காமல் விடுங்கள். கூரைத் தூசும் பறவை எச்சமும் அதோடுதான் வருகின்றன.

செடிகள் இரண்டே வகை. முன்பக்கமும் நடுவும் ஹெயார்கிராஸ் எனப்படும் மயிர்போன்ற புல். அது கோரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வயலோரத்துக் கோரையின் குட்டித் தங்கை என்று சொல்லலாம். கற்களின் அடியில் கிரிப்டோகோரைன் பார்வா. இச்சாதியிலேயே மிகச் சிறியதும் இலங்கைக்கே உரியதுமான அந்தச் செடி உலகெங்கும் உள்ள தொட்டிகளில் வளர்கிறது. அதன் இயற்கை வாழிடம் வன்னியன்று, நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஈரமான இடங்கள். காட்டிலிருந்து பிடுங்கியதல்ல, இழைய வளர்ப்பு முறையில் உண்டாக்கியது என்பதைக் கிண்ணத்தோடு காட்டினார். புல்லைக் கட்டுக் கட்டாக நடாமல், ஏழெட்டு இழைகள் கொண்ட சிறு பிடிகளாகப் பிரித்து, நீண்ட சாமணத்தால் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளியில் சரிவாகக் குத்தி நட்டார். சாமணத்தை நேரே இழுத்தால் புல்லும் கூடவே மேலே வந்துவிடும். மணலுக்குள்ளேயே சற்றுத் திறந்து, அசைத்து, மெல்லப் பின்னுக்கு எடுக்க வேண்டும். எனக்கும் ஒரு மூலையைத் தந்தார். நான் நட்டதில் பாதி அன்றிரவே மிதந்தது. வெறும் மணலில் ஊட்டம் இல்லாததால் வேருக்கருகில் உர வில்லைகளைப் புதைத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை நான் தொடர்கிறேன்.

செடி வேகமாக வளரக் காபனீரொட்சைட்டு உருளை வேண்டுமா என்று கேட்டுவிட்டு, இந்த இரண்டு செடிக்கும் அது கட்டாயமில்லை, மெதுவாக வளர்ந்தாலும் வளரும் என்றார். சீனியும் ஈஸ்ட்டும் கலந்த போத்தல் முறையைப் பற்றிக் கேட்டேன். எங்கள் வெப்பத்தில் நொதித்தல் முதல் நாட்களில் பொங்கிவிட்டுச் சீக்கிரம் ஓய்ந்துவிடும், வாயு ஏறியிறங்கினால் அல்காவே பெருகும் என்று மறுத்தார். உருளை இல்லாமல் என் புல் தரையை மூடப் பத்து மாதம் எடுத்தது. அவசரப்படுபவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாம் கிழமையில் மணலும் கல்லும் மண்ணிறப் படையால் மூடின. தயற்றங்கள் எனும் நுண்ணிய அல்காக்கள்தாம், புதிய தொட்டிகளில் வருவதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தும் மனம் உடைந்தது. கிரிப்டோகோரைனின் இலைகளும் கரைந்து கூழாயின. பிடுங்கி எறியப் போனவளைத் தொலைபேசியில் தடுத்தார்: “இலைதான் போகும் ரீச்சர், கிழங்கு இருக்கு. கையை உள்ளுக்கு விடாதேங்கோ.” விளக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஐந்தாம் கிழமையின் கடைசியில், கரைந்த அடித்தண்டில் நகக்கணுவளவு பச்சை முளை ஒன்று தெரிந்தது. மண்ணிறப் படையும் அதற்குள் தானாகவே மெலிந்துவிட்டது.

ஆறு கிழமைகள் வரை அவர் எனக்கு மீன் விற்கவில்லை. மீன் உணவில் ஒரு சிட்டிகையை நாள்தோறும் வெறும் தொட்டியில் போடச் சொன்னார். அது அழுகி அமோனியாவாகி, அமோனியாவை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், அதை வேறொருவகை நைத்திரேற்றாகவும் மாற்றும் சுழற்சி நிலைபெறும் வரை காத்திருந்தோம். முதல் இரண்டு அளவுகளும் சுழியத்துக்கு வந்த பிறகே மாசி இறுதியில் வரச் சொன்னார். நான் நியோன் டெட்ரா கேட்டேன். எங்கள் நீருக்கும் வெப்பத்துக்கும் அது தாங்காது என்று, செம்பு நிற உடலின் பின்பாதியில் கரிய முக்கோணம் உள்ள ஹார்லிகுயின் ரஸ்போரா பன்னிரண்டைத் தந்தார். மாங்குளம் வரும் பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்திருந்தேன். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றபோது கச்சான் விற்க ஏறிய அம்மா, “இவ்வளவு சின்ன மீனைக் காய்ச்சவோ, பொரிக்கவோ பிள்ளை?” என்று கேட்டுச் சிரித்தார்.

இப்போது இந்தக் கடையின் பெருங்குறைக்கு வருகிறேன். மாதாந்தப் பராமரிப்புச் சேவைக்கு 2,500 ரூபா கொடுத்துச் சேர்ந்திருந்தேன். முதல் இரண்டு முறையும் கடைக்காரரே வந்தார். மூன்றாம் முறை, வைகாசியில், கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனை அனுப்பினார். நான் பாடசாலையில் இருந்த நேரம். அந்தப் பிள்ளை நீரை வடிகட்டும் பில்டரைத் திறந்து, அழுக்காக இருந்த பஞ்சை எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சைப் போட்டு, மணலையும் அடிவரை உறிஞ்சிச் ‘சுத்தம்’ செய்துவிட்டுப் போயிருந்தான். நான் வந்து பார்த்தபோது தொட்டி பளிச்சென்று இருந்தது. இரண்டாம் நாள் நீர் பால்கலந்ததுபோலக் கலங்கியது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு மீன்களும், பின்னேரம் இன்னும் இரண்டும் மணலில் கிடந்தன. அழுக்கென்று எறிந்த அந்தப் பஞ்சில்தான் ஆறு கிழமை காத்திருந்து வளர்த்த பற்றீரியாக்கள் குடியிருந்தன. மேலும், நீர் காரமாகவும் சூடாகவும் இருக்கும்போது நச்சான அமோனியாவின் பங்கு கூடிவிடும். வைகாசி வெக்கையில் என் தொட்டி இரண்டுமாகவே இருந்தது. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் இரண்டு முறை பிழிந்துவிட்டால் போதும் என்பதைத் தன்னிடம் வேலை செய்யும் பையனுக்குச் சொல்லிக்கொடுக்காமல் வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பியது அவருடைய தவறு. அதை இன்றும் நான் மன்னிக்க மறுக்கிறேன், ஏனெனில் அந்த நான்கு உயிர்களும் எவருடைய கவனமின்மைக்கும் இரையாக வேண்டியவையல்ல.

நான் தொலைபேசியில் சொன்னதும் அவர் சாக்குச் சொல்லவில்லை. அன்று பின்னேரமே தன் கடையில் நீண்ட காலமாக ஓடும் தொட்டி ஒன்றின் பழைய பஞ்சை, அந்த நீரோடு வாளியில் வைத்து மோட்டார் சைக்கிளில் ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுவந்து என் பில்டருக்குள் வைத்தார். நீரில் பாதியை மாற்றினார். நான்கு நாட்களில் அளவுகள் பழைய நிலைக்கு வந்தன. செத்த மீன்களுக்குப் பதிலாக நான்கு மீன்களை ஒரு மாதம் கழித்துத் தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. அந்த மாதத்தோடு பராமரிப்புச் சேவையை நிறுத்திவிட்டேன். நிறுத்தியது நல்லதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது நிமிட வேலைதான்: பழைய தொலைபேசி அட்டையால் முன்கண்ணாடியைச் சுரண்டுவது, மணலைத் தொடாமல் அதற்கு ஒரு விரல் மேலே ரியூப்பைப் பிடித்து அழுக்கை மட்டும் உறிஞ்சுவது, 15 லீற்றரை மெதுவாக ஊற்றுவது, மாதத்துக்கு ஒருமுறை புல்லைக் கத்தரித்து மிதக்கும் துண்டுகளை வலையால் அள்ளுவது. செடியும் கல்லும் குறைவாக இருப்பதால் வேலையும் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். மறைக்க எதுவுமில்லாத தொட்டியில் ஒரு வாடிய இலையும் கண்ணில் குத்தும்; வேலை குறைவுதான், ஆனால் அதைத் தள்ளிப்போட இயலாது.

வெப்பம் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை தொடங்கி நீரின் வெப்பநிலை 31 பாகையைத் தொட்டது. அவர் சொன்னபடி கணினிக்குள் இருக்கும் சிறு விசிறி ஒன்றை நீர்ப்பரப்புக்கு மேல் சாய்த்துப் பொருத்தினேன். ஆவியாதல் வெப்பத்தை எடுத்துக்கொள்ள, நீர் 28 வரை இறங்கியது. குளிரூட்டும் இயந்திரம் தேவைப்படவில்லை.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்ட கோளாறில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே, அன்று முற்பகலில் நான் கேட்காமலே அவர் அழைத்தார். பில்டருக்குள் நீர் ஓடாமல் நின்றால் பஞ்சிலுள்ள பற்றீரியாக்கள் ஒட்சிசன் இன்றி இறந்துவிடும், பஞ்சை எடுத்துத் தொட்டி நீரிலேயே மிதக்க விடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை கோப்பையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள் என்றார். அப்படியே செய்தேன். ஒரு மீனும் சாகவில்லை. பராமரிப்புப் பணத்தை நான் நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்த நேரம் அது.

மேசையை விட்டுப் பார்த்தால், தொட்டி, விளக்கு, பில்டர், கல், மணல், செடி, அமைப்புக் கூலி எல்லாமாக 38,500 ரூபா கொடுத்தேன். சாதாரண இரண்டடித் தொட்டியோடு ஒப்பிட்டால் கூடுதல்தான்; கல் தெரிவுக்கும் இரண்டு நாள் வேலைக்கும் அது தகும் என்பது என் கணிப்பு. ஆனால் விளக்கோடு தந்த ரைமர் ஐந்து மாதத்தில் பழுதாகியது, வலப்பக்கப் பின்மூலையில் சிலிக்கன் பூச்சு தடிப்பாகவும் அசிங்கமாகவும் இருக்கிறது. வேறொருவர் அமைத்த தொட்டியில் இதைப் பொருட்படுத்தியிருக்கமாட்டேன். ஒரு கல்லுக்குப் பதினைந்து முறை திரும்பிப் பார்த்தவருக்கு அந்த மூலை கண்ணில் படாமல் போனது எனக்கு வியப்பே.

தொட்டி அமைக்க அவரிடம் போங்கள். பராமரிப்பை அவரிடம் விடாமல் நீங்களே பழகுங்கள், அவரே வருவதாக உறுதி தந்தால் மட்டும் சேருங்கள். ஒழுங்கை முகப்பில் உள்ள சைக்கிள் திருத்தும் கடையில் மீன்தொட்டி என்று கேட்டால் வழி காட்டுவார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன் போனால் மரத்தட்டில் கல் அடுக்கிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கும். போகும்போது உங்கள் கிணற்று நீரில் ஒரு போத்தல் கொண்டுபோங்கள். சோதித்துச் சொல்ல அவர் காசு வாங்குவதில்லை.